நான் பூட்டு வேண்டும் என்கிறேன், நண்பர் சாவியைக் கேட்கிறார்

மூன்று வாரமாக ஒரு நண்பருடன் வாக்குவாதம். இப்போது ஓரிடத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற, என்கிரிப்ஷன் செய்த செய்திகளைத் திறக்க அரசிடம் ஒரு தனிச் சாவி இருக்கலாமா? இருக்கலாம் என்கிறார் அவர். கூடாது என்பது என் கட்சி.

முதலில், "மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்றார். உன் போனைத் திறந்து கொடு என்றேன். சிரித்துவிட்டு அதை விட்டுவிட்டார். அடுத்து கிரீஸ் கதையைச் சொன்னேன். சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த வசதியையே யாரோ கைப்பற்றி, 2004-05இல் பிரதமர் உட்பட நூறு பேருக்கும் மேல் ஒட்டுக்கேட்டார்கள். இதற்குக் கொஞ்சம் இறங்கி வந்தார்.

பிறகுதான் வந்தது வினை. "குழந்தைகளைச் சீரழித்து எடுத்த படங்களை அனுப்புகிறவனை எப்படிப் பிடிப்பாய்?" போனில் உள்ள படங்களை, ஏற்கெனவே அடையாளம் கண்ட அத்தகைய படங்களோடு போனிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டத்தை ஆப்பிள் 2021இல் அறிவித்து, 2022இல் கைவிட்டதைச் சொன்னேன். "கைவிட்டார்கள், சரி. குற்றவாளி என்ன ஆனான்?" என்றார். பெறுபவர் புகார் கொடுக்கலாமே என்றேன். இரண்டு பக்கமும் குற்றவாளிகள் என்றால் யார் கொடுப்பது என்கிறார். நியாயமான கேள்விதான், அதுதான் குடைகிறது.

பேச்சை விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதையும் முயன்றாயிற்று. நடுராத்திரியில் அவரே மறுபடி தொடங்குகிறார்.

கேள்வி ஒன்றுதான்: புகார் கொடுக்க ஆளே இல்லாத அந்த நிலையில், பூட்டை உடைக்காமல் குற்றவாளியைப் பிடித்த வழிமுறை ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?