வல்லாரைப் பாத்தியில் மான் புழுக்கை

நகரத்துக்குள் சின்ன வளவு எங்களுடையது. ஆறு பாத்தி வல்லாரை, ஓரமாகக் கொஞ்சம் பொன்னாங்காணி. வாரத்தில் மூன்று நாள் கட்டுக் கட்டிச் சந்தைக்குக் கொடுக்கிறேன். திருகோணமலை மான்களைப் பற்றி ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, தெருவில் சும்மா திரியும். போன வருடம் ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் வேலியில் ஓட்டை, பாத்தியெல்லாம் குளம்படி, இலைகளுக்கு நடுவே மிளகு கொட்டிய மாதிரிப் புழுக்கை.

"மான்தானே பிள்ளை, கழுவினால் சரி" என்றார் அம்மா. பெரிய பேசினில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, எல்லாக் கட்டையும் அதே தண்ணீரில் அலசி அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை வேறு அலுவலாக வந்த விவசாயப் போதனாசிரியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். "தங்கச்சி, நாலு கட்டில் இருந்ததை நாற்பது கட்டுக்கும் பூசி அனுப்பியிருக்கிறீர்கள்." மாடு, ஆடு, மான் எல்லாம் அசைபோடுகிற சாதி, ஈ.கோலை ஓ157 என்ற கிருமி குடலில் இருந்தாலும் அவை நோயாகத் தெரியாதாம். 2011இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஸ்ட்ரோபெரி சாப்பிட்டவர்களுக்கு இதே கிருமியால் நோய் வந்து உயிரும் போயிருக்கிறது. தேடிப்போனால், தோட்டத்துக்குள் வந்த மான்களின் புழுக்கை.

எனக்கு உடனே சம்பல்தான் நினைவுக்கு வந்தது. வல்லாரையை யார் அவிக்கிறார்கள்? தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாயோடு பச்சையாகத்தானே பிசைகிறோம். தேசிக்காய் விட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்பியிருந்தேன், அதுவும் நிச்சயமில்லையாம். யாரும் வந்து முறையிடவில்லை. அதற்காக நிம்மதி என்றும் சொல்ல முடியவில்லை.

இப்போது பிடுங்க முன் ஒருதரம் பாத்திகளுக்குள் நடந்து பார்ப்பேன். புழுக்கை கண்ட இடத்தில் தடி நட்டு, சுற்றிவர ஐந்தடிக்கு அறுப்பதில்லை. கழுவுகிற தண்ணீரை அடிக்கடி மாற்றுகிறேன். வேலிக்குப் பழைய மீன்வலை கட்டியாயிற்று.

நிலாவெளியிலிருந்து:

அக்கா, எனக்குப் பிரச்சினை மான் இல்லை, எரு. பச்சைக் கோழி எருவைக் கீரைக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். மண்ணில் படுகிற பயிர் என்றால் பச்சை எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை என்பது அமெரிக்க இயற்கை விவசாய விதி. கீரை ஒரு மாதத்தில் பிடுங்குகிற சாமான், எங்கே காத்திருப்பது? அதனால் குவித்து மக்க வைக்கிறேன். 55 பாகைக்குக் குறையாத சூட்டில் 15 நாள், அதற்குள் ஐந்து தரம் பிரட்ட வேண்டும். வெப்பமானி வாங்கும்வரை அலவாங்கைக் குவியலுக்குள் குத்தி வைத்துவிட்டு, இழுத்துக் கையால் பிடித்துப் பார்ப்பேன். பிடிக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது. முதல் குவியல் மாரியில் நனைந்து ஆறிப்போனது, பிறகு மேலே தகரம் போட்டேன்.

உப்புவெளியிலிருந்து:

மீன்வலை வேண்டாம் அக்கா. எங்கள் பக்கத்து வளவில் ஆண்மான் ஒன்று கொம்பு சிக்கி விடியும்வரை இழுபட்டது. வலையை வெட்டப் போன அண்ணருக்குத் தொடையில் ஏழு தையல். கம்பிவலையை ஆள் உயரத்துக்கு மேல் அடியுங்கள்.