27 நிமிடக் குறும்படம், கை நிறைய லாரல்: ஃபெஸ்டிவலுக்கு இன்னும் பணம் கட்டலாமா, யூடியூபில் போட்டுவிடலாமா?

பெரியகுளம் பாண்டி:

வணக்கம் நண்பர்களே. முதல் குறும்படத்தை முடித்துவிட்டேன், ஓடும் நேரம் 27 நிமிடம். கதையைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

தேனியில் ஒரு ஃபிளெக்ஸ் கடை, இரவு வேலை பார்க்கும் டிசைனர் பையன். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது. போட்டோவில் இருப்பது இவனையும் அம்மாவையும் சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போன அப்பா. ஆர்டர் கொடுப்பவன் அப்பாவின் இரண்டாவது குடும்பத்துப் பையன், இவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. பேனரின் அடியில் மனைவி, மகன்கள், மகள்கள், பேரன் பேத்திகள் என்று வரிசையாகப் பெயர் போடுவார்கள் இல்லையா, அந்த வரிசையில் இவன் தன் பெயரையும் சேர்ப்பானா என்பதுதான் படம். கடைசி ஷாட்டில் பேனர் கம்பத்தில் ஏறும்போது பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம்.

விழாக்களுக்கு இணையத்திலேயே படம் அனுப்பும் தளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் கண்ணில் பட்ட ஃபெஸ்டிவலுக்கெல்லாம் அனுப்பினோம். தேர்வானால் போஸ்டரில் போட ஒரு இலை வளைய முத்திரை தருவார்கள், அதுதான் லாரல். நிறைய 'அஃபிஷியல் செலக்‌ஷன்' வந்தது, இரண்டு 'பெஸ்ட் டெபியூ டைரக்டர்' கூட வந்தது. ஆனால் எந்த ஊரில், எந்தத் தியேட்டரில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு தகவலும் இல்லை. ஒரு இடத்தில் கோப்பை வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். நண்பர்கள் போட்டோவோடு வாழ்த்துப் போடுகிறார்கள், எனக்குத்தான் உறுத்துகிறது.

இன்னும் ஃபெஸ்டிவல் பக்கம் செலவு செய்யலாமா? இல்லை, யூடியூபில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாமா? படத்தின் லிங்க்கைக் கீழே பூட்டி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு பாஸ்வேர்டு அனுப்புகிறேன்.

டெலிகேட் பாஸ்:

பாண்டி, உறுத்துவது சரியாகத்தான் உறுத்துகிறது. மாதாமாதம் விருது கொடுக்கும் இடங்களில் பெரும்பாலானவை ஒரு இணையதளம், ஒரு லாரல் டிசைன், ஒரு பேமென்ட் லிங்க், அவ்வளவுதான். நுழைவுக் கட்டணமே அவர்களுடைய தொழில். பத்து டாலரிலிருந்து ஐம்பது அறுபது டாலர் வரை வாங்குவார்கள், நம் கணக்கில் அது ஒரு நாள் கேமரா வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அனுப்புவதற்கு முன் போன வருடத்து அட்டவணையைத் தேடுங்கள். எந்த அரங்கு, எந்தத் தேதி, எந்த மணிக்கு எந்தப் படம் என்று இருக்கிறதா, படம் தேர்வு செய்தவர்களின் பெயர் இருக்கிறதா, அங்கே போய் வந்தவர்கள் எடுத்த போட்டோவாவது இருக்கிறதா? எதுவுமே இல்லாமல் எண்பது விருதுப் பிரிவுகள் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரிய ஃபெஸ்டிவலின் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டு வருபவையும் உண்டு. கான் என்ற ஊரில் யார் வேண்டுமானாலும் ஒரு ஹால் பிடித்து விழா நடத்தலாம், அதற்கும் கான் திரைப்பட விழாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உருப்படியாக அனுப்ப வேண்டிய இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கேரள சலச்சித்ர அகாடமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா 2008 முதல் நடக்கிறது. கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்களில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள், படம் முடிந்ததும் வெளியே வந்து டீக்கடையில் உங்களைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். அந்த ஒரு டீக்கு உங்கள் லாரல் மொத்தமும் ஈடாகாது. பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா ஆஸ்கர் தகுதி பெற்ற விழா. கவனியுங்கள், அங்கே திரையிட்டால் போதாது, அதற்குரிய பிரிவில் ஜெயித்த படம்தான் ஆஸ்கருக்கு விண்ணப்பிக்கலாம். மும்பையில் 1990 முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் எம்ஐஎஃப்எஃப், அதாவது மும்பை சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது. நம் ஊரில் 'மறுபக்கம்' அமைப்பின் விழா மதுரையில் 1998-இல் தொடங்கியது, ஆவணப்படத்துக்கு முன்னுரிமை என்றாலும் குறும்படமும் போடுவார்கள். வெளிநாட்டில் பிரான்ஸின் க்ளெர்மான் ஃபெரான், ஜெர்மனியின் ஓபர்ஹவுஸன் இரண்டும் குறும்படத்துக்கென்றே இருப்பவை, க்ளெர்மானில் குறும்படச் சந்தையும் நடக்கிறது.

யூடியூபை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். கான் குறும்படப் போட்டி இணையத்தில் ஏற்கனவே வந்த படத்தை எடுத்துக்கொள்வதில்லை. அங்கே 15 நிமிடத்துக்கு மேல் போனாலும் கிடையாது, டைட்டிலும் அதற்குள்தான். 27 நிமிடத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டவே முடியாது. மற்ற விழாக்களிலும் ஒரு ஸ்லாட் ஒன்றரை மணி நேரம் என்றால், உங்கள் படத்தை எடுப்பதற்குத் தேர்வு செய்பவர் வேறு இரண்டு படங்களை விட வேண்டும்.

அசோசியேட் அன்பு:

இந்த ஃபெஸ்டிவல் பேச்செல்லாம் கேட்க நன்றாக இருக்கும் தம்பி. கோடம்பாக்கத்தில் யாரும் லாரலை எண்ணிப் பார்த்து வாய்ப்பு கொடுத்ததை நான் பார்த்ததில்லை. புரொடியூசர் ஆபீஸில் "லிங்க் அனுப்பு" என்றுதான் சொல்வார்கள், பாஸ்வேர்டு போட்ட லிங்க் என்றால் பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள்.

கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், அல்ஃபோன்ஸ் புத்திரன் நால்வரும் கலைஞர் டிவியின் குறும்படப் போட்டி நிகழ்ச்சியான 'நாளைய இயக்குநர்' வழியாக வந்தவர்கள். 2012, 2013 என்று அடுத்தடுத்து நால்வரின் முதல் படங்களும் வந்துவிட்டன. பாலாஜி மோகனின் குறும்படம் யூடியூபில் ஓடி, அதே பெயரில் பெரிய படமாகவும் ஆனது. அவர்களை மேலே தூக்கியது வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்த ஜனங்கள். ஒரு வருடம் படத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அஞ்சல் வருமா என்று காத்திருந்தால், அதற்குள் உன் ஹீரோவுக்குக் கல்யாணமாகிப் போய்விடும், அடுத்த படத்துக்கு வர மாட்டான்.

டெலிகேட் பாஸ்:

அண்ணே, நீங்கள் சொல்வது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது தமிழில் குறும்படம் என்பதே புதுசு, ஒரு டிவி வாரா வாரம் காட்டியது. இன்று யூடியூபில் போட்டால் ரீல்ஸுக்கு நடுவில் தம்ப்நெயிலாகக் கிடக்கும். 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் பி.எஸ். வினோத்ராஜ் 'கூழாங்கல்' படத்துக்கு டைகர் விருது வாங்கியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் எந்த டிவி நிகழ்ச்சியிலும் ஜெயித்துவிட்டு அங்கே போகவில்லை.

அசோசியேட் அன்பு:

அது முழுநீளப் படம். இவர் கேட்பது குறும்படம். சரி விடுங்கள்.

கத்தரி கவிதா:

இரண்டு பேரும் எங்கே அனுப்புவது என்று அடித்துக்கொள்கிறீர்கள். நான் பாஸ்வேர்டு வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டேன். இந்த 'கட்'டை, அதாவது இப்போதைய எடிட்டை, எங்கேயும் அனுப்பாதீர்கள் பாண்டி.

ஐடியா அபாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போட்டோ வருவது எட்டாவது நிமிடத்தில். அதற்கு முன்னால் ட்ரோனில் வைகை அணை, டைட்டில், பையன் பைக்கில் வருவது, டீ குடிப்பது, காதலியிடம் போனில் பேசுவது. காதலி அதற்கப்புறம் படத்தில் இல்லவே இல்லை! தேர்வுக் குழுவில் ஒருவர் ஒரு நாளில் பார்க்க வேண்டிய படங்கள் மலைபோல் இருக்கும், மூன்றாவது நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். நீங்கள் எழுதியது ஒரு இரண்டரை மணி நேரப் படத்தின் முதல் பாதிக்கு உரிய ஆரம்பம். குறும்படத்தில் ஹீரோவை அறிமுகம் செய்யத் தேவையில்லை, அவன் முன்னால் பிரச்சினையை வைத்துவிட்டால் அவன் யார் என்று தானாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் ஃப்ளாஷ்பேக். அப்பா பெட்டியோடு போகிறார், அம்மா அழுகிறார், சின்னப் பையன் கதவோரம் நிற்கிறான், பின்னணியில் வாய்ஸ் ஓவர். ஐந்து நிமிடம். இதெல்லாம் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் அந்த வேலையைச் செய்யும் ஒரு காட்சியை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், அதன் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பேனரில் 'தோற்றம்', 'மறைவு' தேதி போட வேண்டும். போனில் ஆர்டர் கொடுக்கும் அந்தத் தம்பி "மறைவு இன்னைக்குத்தான், பிறந்த தேதி தெரியலையே அண்ணே, விட்ருங்க" என்கிறான். இவன் ஒன்றும் சொல்லாமல் தேதி, மாதம், வருடம் எல்லாவற்றையும் டைப் செய்கிறான். எனக்கு அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இவன் மகன் என்பதும், இத்தனை வருடம் அந்தத் தேதியை மறக்கவில்லை என்பதும் அந்த ஒரே விரலசைவில் வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஃப்ளாஷ்பேக் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் இந்தக் காட்சி வெறும் தகவலாகிவிட்டது. ஃப்ளாஷ்பேக்கைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்க விடுவதில்தான் திரைக்கதை இருக்கிறது.

கடைசி ஷாட்டில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பேனரில் இருக்கும் பெயர்கள் தமிழில். படம் முடிவதே அந்த எழுத்தை வாசிப்பதில்தான். தமிழ் தெரியாதவருக்கு அது வெறும் படம். சப்டைட்டிலில் ஏழெட்டுப் பெயரைப் போட்டால் கண் கீழே போய்விடும், எந்தப் பெயர் முக்கியம் என்றே தெரியாது. ஃபிளெக்ஸ் கடையில் நிஜமாக என்ன நடக்கும்? புரூஃப் அனுப்புவார்கள், கஸ்டமர் பார்த்து ஓகே சொல்வார். அந்தத் தம்பி போனில் பெயர்களைச் சத்தமாக வாசித்து, "யாருண்ணே இது, இந்தப் பேரு நாங்க குடுக்கலையே" என்று கேட்கட்டும். சப்டைட்டிலும் வேலை செய்யும், படத்தின் கேள்வியும் நேராக இவன் மடியில் வந்து விழும். இவன் என்ன பதில் சொல்கிறான் என்பதே முடிவு. ஒரு நாள், ஒரு அறை, ஒரு போன் குரல், இவ்வளவுதான் மறுபடி எடுக்க வேண்டியது.

என் கணக்கில் 13, 14 நிமிடத்துக்குள் வந்துவிடும். திரைக்கதையைத் தமிழில் எழுதி ஃபார்மேட் செய்ய ஸ்க்ரைட் என்று பெங்களூருக்காரர்கள் செய்த சாஃப்ட்வேர் இருக்கிறது, தமிழ் எழுத்து அதில் உடையாது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைத் தமிழில் அப்படியே நம்பாதீர்கள், நம் வார்த்தைகள் நீளம். ஸ்டாப் வாட்ச் வைத்து வாசித்துப் பாருங்கள்.

லேப்பல் மைக்:

கவிதா அக்கா சொன்னதற்கு அப்பால் சவுண்ட் பக்கம் மட்டும். கடையில் எஃப்எம்-இல் பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறதே, அனுமதி வாங்கினீர்களா? பத்து செகண்ட் வரை போடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அப்படி ஒரு சட்டம் கிடையாது. பாட்டின் இசைக்கும் வரிகளுக்கும் ஒரு உரிமை, அந்த ஒலிப்பதிவுக்கு வேறு உரிமை. விழாக்களில் விண்ணப்பப் படிவத்திலேயே எல்லா உரிமையும் என்னிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். யூடியூபில் போட்டாலும் பாட்டைத் தானாக அடையாளம் காணும் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும், வருமானம் ஏதாவது வந்தால் அவர்களுக்குத்தான்.

பாட்டை எடுத்துவிட்டு மெஷின் சத்தத்தை வையுங்கள். ஃபிளெக்ஸ் பிரிண்டரின் ஹெட் இப்படியும் அப்படியும் ஓடும் அந்த ஓசை ஒரு தாளம் மாதிரி இருக்கிறது, அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும் ஷாட்டுக்கு அதைவிட நல்ல பின்னணி கிடையாது. ஆனால் இப்போது அந்தச் சத்தம் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மறுபடி ஷூட் போகும்போது மெஷினை நிறுத்திவிட்டு வசனம் எடுங்கள், அப்புறம் மெஷினை மட்டும் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள்.

தேர்வானபின் டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் ஃபைல் தொகுப்பு கேட்பார்கள். அதற்கு லேபுக்குப் போய் செலவு செய்யாதீர்கள், டிசிபி-ஓ-மேட்டிக் சாஃப்ட்வேர் இலவசம், செகண்டுக்கு 24 ஃபிரேமில் எடிட் செய்திருந்தால் தலைவலி குறைவு. 25-இல் எடுத்திருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள்.

பெரியகுளம் பாண்டி:

எல்லோருக்கும் நன்றி. 25-இல்தான் எடுத்திருக்கிறோம், அதைப் பற்றித் தனியாகக் கேட்கிறேன். ட்ரோன், காதலி, ஃப்ளாஷ்பேக் மூன்றையும் எடுத்துவிட்டு நேற்று ஒரு ரஃப் கட் போட்டோம், உண்மையிலேயே வேறு படமாக இருக்கிறது. காதலியாக நடித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு அப்பா இறந்ததைச் சொல்லும் காட்சி. நடித்தவர் என் சொந்த அத்தை, கேமரா முன்னால் நின்றதே இல்லை, ஒரே டேக்கில் செய்தார். அதை எடுக்கச் சொல்லாதீர்கள் அக்கா.

கத்தரி கவிதா:

அத்தையை எடுக்கச் சொல்லவில்லை, இடத்தை மாற்றச் சொல்கிறேன். இப்போது தேதி டைப் செய்வதற்கு முன்னால் அம்மாவுடன் பேசுகிறான், அதிலேயே 'உங்கப்பா' என்ற வார்த்தை வந்துவிடுகிறது. தேதிக்கு அப்புறம், புரூஃப் அனுப்புவதற்கு முன்னால் போடுங்கள். அத்தை ஒரு இடத்தில் "பேரெல்லாம் யாரு யாரு போட்டிருக்காங்க" என்று கேட்கிறாரே, அந்த வரியோடு போனை வைத்துவிடுங்கள். அதற்கு அப்புறம் வரும் அழுகை வேண்டாம்.

அசோசியேட் அன்பு:

அந்த வரி நன்றாக இருக்கிறது. எனக்கும் பாஸ்வேர்டு அனுப்பு தம்பி, பழைய கட் இல்லை, புதுசு.

டெலிகேட் பாஸ்:

புது கட்டுக்கு சப்டைட்டில் எழுதும்போது 'தோற்றம்', 'மறைவு' இரண்டையும் விட்டுவிடாதீர்கள், திரையில் தெரியும் எழுத்துக்கும் சப்டைட்டில் வேண்டும். தேசிய விருதுக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால் சென்சார் சான்றிதழ் கட்டாயம், புது கட்டுக்கு வாங்குங்கள். அதற்கும் நேரம் பிடிக்கும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.