ஸ்பேனருக்கு ‘முடுக்குகோல்’: ஒரு முன்மொழிவும் ‘பட்டையிடை’ என்னும் துணைச்சொல்லும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நட்டு, போல்ட்டுகளை இறுக்கவும் கழற்றவும் உதவும் ஸ்பேனருக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று நம் சொல்லாக்கக் குழுவில் நான் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. இதுவரை வந்தவை மறைமுடுக்கி, திருகுக்குறடு, மரைச்சாவி என்னும் மூன்று; ‘மங்கி ரெஞ்ச்’ என்பதை அப்படியே பெயர்த்து வேடிக்கையாகச் சொல்லப்பட்ட குரங்குத்திருகியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்று சொற்களையும் என் வீட்டுத் திண்ணையில் பரப்பியிருக்கும் பழைய கருவிகளோடு ஒட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நான் கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும், வியாழக்கிழமைகளில் புன்செய்ப் புளியம்பட்டிச் சந்தையில் சாக்கு விரித்துச் சாமான் பரப்புகிறவர்களிடமும் பொறுக்கிச் சேர்த்தவை நூற்றுச் சொச்சம் உருப்படிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயரட்டை எழுத உட்கார்ந்தபோதுதான், வேலைக்காலம் முழுவதும் கையில் பிடித்த கருவியின் பெயரைத் தமிழில் எழுத முடியவில்லை என்பது உறைத்தது. சுத்தியல், உளி, அரம், சம்மட்டி எல்லாவற்றுக்கும் அட்டை ஒரே மாலையில் முடிந்துவிட்டது. அரம் திருக்குறளிலேயே இருக்கிறது. அதற்கு நாம் கூட்டம் போட வேண்டியதில்லை.

முதலில் திருகுக்குறடு. குறடு என்பது நெருக்கிப் பிடிப்பது. கொல்லன் காய்ந்த இரும்பை எடுக்கும் குறடும் மின்பணியாளர் கம்பி முறுக்கும் குறடும் இரண்டு கைப்பிடிகளை அழுத்தினால்தான் பிடிக்கும். அழுத்தம் விட்டால் பிடி விட்டுப்போகும். ஸ்பேனரோ எதையும் நெருக்குவதில்லை. அதன் வாய் நட்டின் பக்கங்களோடு பொருந்தி நிற்கிறது. நாம் தள்ளுவது அதன் நீண்ட உடலைத்தான். நட்டைக் குறட்டால் கழற்ற முயன்றவன் அதன் மூலைகளை மழுக்கிவிட்டான் என்று பட்டறையில் திட்டு வாங்குவான். இந்த வேறுபாட்டை அழிக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

மறைமுடுக்கி அகராதித் தன்மை உடைய சொல். ஆனால் அதில் இரண்டு இடர்கள் உண்டு. ‘மரை கழன்றவன்’ என்று நாம் கேலி பேசும்போது வரும் மரையை இடையின ரகரம் இட்டு எழுதுவதே முறை என்பது என் கருத்து. வல்லின றகரம் போட்டால் மறைத்தல் குறுக்கே வந்து நிற்கும். அடுத்தது, முடுக்கியைப் பாடநூல்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. பள்ளி மாணவனுக்கு முடுக்கம் என்றால் திசைவேகம் மாறும் வீதம். துகள் முடுக்கி என்றால் அணு இயற்பியலின் பெரும் பொறி. ஆனாலும் முடுக்கு என்னும் வினையை இதற்காகக் கைவிட எனக்கு மனமில்லை; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மரைச்சாவிதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. சாவி என்னும் சொல் நமக்குப் போர்த்துக்கீசியரின் ‘ஷாவி’யிலிருந்து வந்தது, அவர்கள் மொழியில் அந்தச் சொல் பூட்டின் சாவியையும் ஸ்பேனரையும் சேர்த்தே குறிக்கும். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளிலும் அப்படியே. தமிழிலும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அங்கே சாவி திறப்பதில்லை, திருகி முறுக்கேற்றுகிறது. ஆகவே இந்தச் சொல்லை முன்மொழிந்தவர் நல்ல தடத்தில்தான் போயிருக்கிறார். நான் தயங்குவது பட்டறை நடைமுறையை எண்ணித்தான். லாரிப் பட்டறையில் ‘சாவி எடு’ என்றால் வண்டிச் சாவியைத்தான் எடுத்துவருவார்கள். (கொங்குநாட்டு உழவருக்குச் சாவி என்றால் மணி பிடிக்காத கதிரும் நினைவுக்கு வரும்; அதைப் பெரிய தடையாக நான் சொல்லவில்லை.)

இப்போது என் முன்மொழிவு. போன மாதம் உக்கடத்தில் ஒரு கடையில், எண்ணெய்க் கறை படிந்த தகர டப்பாவுக்குள் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எடைத்தட்டில் போட்ட ஒரு ஸ்பேனரைத் திரும்ப எடுத்து, பக்கத்தில் கிடந்த மோட்டார்ச் சட்டத்தின் போல்ட்டைக் காட்டி, “முடுக்கிப் பாத்துட்டே எடுத்துக்குங்க, வாய் அகண்டு போயிருந்தா இங்கயே வெச்சுட்டுப் போங்க” என்றார். நாம் இரண்டு வாரம் தேடியது அந்த ஒரு வாக்கியத்தில் கிடந்தது. நட்டை முடுக்குவது என்பதே எங்கள் பக்கத்துப் பேச்சுவழக்கு. நான் வேலை பார்த்த இடத்திலும் ‘நல்லா முடுக்கு’ என்பதே அன்றாடக் கட்டளை. நட்டைப் பிடிக்கும் பகுதிக்கு வாய் என்றும் பெயர் இருக்கிறது. இல்லாதது கருவியின் முழுப்பெயர் மட்டுமே.

அதற்குக் ‘கோல்’ போதும். எழுதுகோல், ஊன்றுகோல், திறவுகோல், நெம்புகோல் ஆகியவற்றில் செயலைச் சொல்லும் வினை முன்னும் கையில் பிடிக்கும் தண்டு பின்னும் நிற்கின்றன. ஸ்பேனர் இயல்பிலேயே ஒரு நெம்புகோல்; கைப்பிடி நீளமாக நீளமாகக் குறைந்த விசையில் நட்டு இறுகுகிறது. ஆகவே முடுக்குகோல். வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதால், தனிமடலில் நண்பர் ஒருவர் எழுதியதுபோல் ‘முடுக்குக்கோல்’ என்று எழுத வேண்டியதில்லை. கழற்றவும் பயன்படும் கருவிக்கு முடுக்குவதை மட்டும் சொல்லும் பெயர் பொருந்துமா என்று அதே மடலில் கேட்டிருந்தார். திறவுகோலால்தான் பூட்டவும் செய்கிறோம். அந்தப் பெயரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் குறிக்கும் திருப்புளியைப் பாருங்கள். திருப்புகிற உளி என்று கைவினைஞர் வைத்த பெயர். அது எதையும் செதுக்குவதில்லை, இருந்தும் நிலைத்துவிட்டது. அமெரிக்கர் ரெஞ்ச் என்பதும் ஆங்கிலேயர் ஸ்பேனர் என்பதும் பெரும்பாலும் ஒன்றையே என்பதால் தமிழுக்கு ஒரு சொல் போதும்.

பெயரைவிட என்னை அதிகம் படுத்தியது அளவு. இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை 1888-இல் தொடங்கியது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. அக்காலத்து நூற்பு எந்திரங்கள் பல இங்கிலாந்தின் ஓல்டமிலிருந்து பிளாட் பிரதர்ஸ் அனுப்பியவை. தோட்டத்துக் கிணற்று மேட்டில் தடதடத்த லிஸ்டர் இஞ்சினும் அந்த நாட்டுப் பிறப்பே. இவற்றின் போல்ட்டுகள் விட்வொர்த் என்னும் பழைய ஆங்கிலேய அளவுமுறையில் இருந்ததால் முடுக்குகோல்களும் அதே அளவில் வந்தன. ஆலைகள் மூடப்பட்டபோது எந்திரங்களோடு அவையும் கிலோக் கணக்கில் இரும்புக் கடைக்குப் போயின.

ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த முறையில் மரையின் (திருகுப்புரியின்) கோணம் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்துக்கும் இஞ்சுக்கு இத்தனை மரை என்ற கணக்கும் உண்டு. அந்த முறைக்கான முடுக்குகோலில் பொறிக்கும் எண் வாயின் அகலம் அன்று. போல்ட்டுத் தண்டின் விட்டம். பின்னால் வந்த நுண்மரை முறையில் அதே விட்டத்துக்கு ஒரு படி சிறிய தலை வைத்தார்கள். எனவே ஒரே வாய்க்கு இரண்டு எண்கள் ஏற்பட்டன. என் கையில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தபோது ஒரு பக்கம் 3/8 டபிள்யூ (விட்வொர்த்) என்றும் அதன் கீழே 7/16 பி.எஸ். (நுண்மரை) என்றும் தெரிந்தது. வெர்னியர் வைத்து அளந்தால் வாய் 18 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூடுதல், அதாவது 0.710 இஞ்ச். பொறித்திருக்கும் இரண்டு எண்ணும் அந்த வாயில் எங்கேயும் இல்லை. அமெரிக்க முறையில் 3/8 என்று பொறித்த கோலின் வாயோ உண்மையிலேயே 3/8 இஞ்ச், ஒன்பதரை மில்லிமீட்டர். இரண்டிலும் எண் ஒன்றே. ஆனால் ஒன்றின் வாய் மற்றதைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த விவரம் தெரியாமல், 3/8 விட்வொர்த் நட்டில் முக்கால் இஞ்ச் ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தேன். ஒரு மில்லிமீட்டர் தொளதொளப்புதான். நட்டின் மூலைகள் வழுவழுவென்று ஆகி, கை போய் எந்திரச் சட்டத்தில் இடித்து விரல்முட்டிகளில் தோல் உரிந்தது. மேஸ்திரி கட்டுப் போட்டுக்கொண்டே, “நம்பரப் பாக்காதடா, வாயப் பாரு” என்றார்.

அந்த வாயின் அளவுக்கு, அதாவது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரத்துக்கு, இங்கே ‘குறுக்குத்தட்டை’ என்று ஒரு சொல் வந்தது. ‘அக்ராஸ் ஃபிளாட்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அது. தமிழில் அது ஏதோ ஒரு தட்டையான பொருளின் பெயர்போல் ஒலிக்கிறது. நமக்குப் பட்டை என்னும் சொல் இருக்கிறது. கோயில் தூணை எண்பட்டைத் தூண் என்கிறோம். அந்த வழியில் நட்டு ஆறுபட்டையாகும். எதிர்ப்பட்டைகளின் இடைவெளி பட்டையிடை. இனி என் அட்டையில் “விட்வொர்த் முடுக்குகோல், பொறித்த எண் 3/8, தண்டு விட்டத்தைக் குறிப்பது, பட்டையிடை 18 மி.மீ.” என்று எழுதலாம். பார்க்க வருகிற தொழிற்பயிற்சி மாணவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைக்கு ‘நகர்வாய் முடுக்குகோல்’ என்று முதலில் நினைத்தேன். அது ‘நீ நகர்வாய்’ என்று கருவிக்குக் கட்டளை இடுவதுபோல் ஒலித்தது. மேலும் அங்கே நகர்வது வாய் அன்று, கீழ்த்தாடை மட்டுமே. மேல்தாடை கைப்பிடியோடு ஒன்றாய் அமைந்தது. கட்டை விரலால் உருட்டும் புழுத்திருகு கீழ்த்தாடையை நகர்த்துகிறது. ஆகவே நகர்தாடை முடுக்குகோல். சுவீடனின் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892-இல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றும் கடைகளில் தொங்குகிறது.

பைப் ரெஞ்சை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளில் ஆளுயரத்துக்குப் பாதி நீளத்தில் கிடக்கும் அந்தக் கருவிக்குப் பட்டையே தேவையில்லை. தள்ளத் தள்ள அதன் பல் உருண்டைக் குழாயில் இறங்கிக் கடிக்கும். ஒரு திசையில் மட்டுமே பிடிக்கும். குழாயில் தழும்பு விடும். 1869-இல் டேனியல் ஸ்டில்சன் கண்ட உத்தி அது. அதற்குக் குழாய்க்கவ்வி பொருந்தும்.

மற்றவை எளியவை: திறந்தவாய் முடுக்குகோல், வளைய முடுக்குகோல். வளைய வகையில் ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. அதன் உட்புறத்தில் பன்னிரண்டு கூர்மூலைகள் இருக்கும். ஆனால் நட்டுக்குப் பட்டை ஆறுதான். அதைப் ‘பன்னிருபட்டை வளையம்’ என்றால் தவறாகிவிடும் என்று நினைத்துப் ‘பன்னிருமூலை வளையம்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அட்டைகளை அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மறுப்பு உள்ளவர்கள் அதற்கு முன் எழுதினால் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு பழைய ஃபிட்டர்