பழைய மினி பஸ் கேரவன்: ஸ்டியரிங் கனக்கிறது, பம்ப் மாற்றத்தான் வேண்டுமா?

சிப்புட் தம்பி:
வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். முன்பு தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிய பழைய ஜப்பான் மினி பஸ் ஒன்றை, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து அப்பா கேரவனாக மாற்றினார். டீசல் வண்டி, எண்ணெய் பம்பில் வேலை செய்யும் பவர் ஸ்டியரிங்.

இப்போது பசார் பக்கம் மெதுவாகத் திருப்பினாலே கை வலிக்கிறது. வேகம் எடுத்தால் அவ்வளவு தெரியவில்லை. திருப்பும்போது பம்ப் பக்கம் ஒரு முனகல் சத்தம். எண்ணெய் அளவு கோட்டில்தான் நிற்கிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை. பட்டறையில் பம்ப் போய்விட்டது என்கிறார்கள். இந்த மாடலுக்குப் பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப் கட் கடைகளில்தான் தேட வேண்டும், கேட்கும் விலையும் அதிகம். பள்ளி விடுமுறைக்கு அம்மாவைக் கேமரன் மலைக்குக் கூட்டிப் போவதாக இருக்கிறேன். பம்ப் வாங்குவதற்கு முன் வேறு எதைப் பார்க்கலாம்?

தைப்பிங் மெக்கானிக்:
பொறுங்கள் தம்பி, பணத்தைக் கையில் வைத்திருங்கள். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு உடனே ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவைத் திறந்து பாருங்கள். எண்ணெயில் நுரை இருக்கிறதா? இன்ஜினை நிறுத்தியதும் அளவு மேலே ஏறுகிறதா? ஏறினால் உள்ளே காற்று போகிறது. காற்று கலந்த எண்ணெயில் பம்ப் முனகும், அழுத்தமும் வராது.

பலரும் தவறவிடுவது இதைத்தான்: டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு விழுந்தால் எண்ணெய் வெளியே வராமலே காற்று உள்ளே போகலாம். தரை காய்ந்திருப்பதை வைத்து ஒழுகல் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. கிளிப் இருக்கும் இடத்தில் கிரீஸை நன்றாகப் பூசிவிட்டு ஓட விடுங்கள். சத்தம் குறைந்தால் இடம் அதுதான்.

டப்பாவின் அடியில் வலை இருந்தால் அதையும் கழுவுங்கள். அடைத்திருந்தாலும் இதே முனகல் வரும்.

செம்பனை லோரிக்காரர்:
மெக்கானிக் அண்ணன் சொல்வது சரி. இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள் தம்பி. முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் ஓடாமல் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். அப்படியும் இறுகி நின்றால் பம்பில் குற்றம் தேடாதீர்கள். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பாக்ஸில் சிக்கல். தண்ணீர்த் தொட்டி, அலமாரி எல்லாம் ஏற்றிய வண்டி, டயரில் காற்று குறைந்தாலும் கனக்கும்.

பெல்ட்டையும் விடாதீர்கள். பல டீசல் வண்டிகளில் பிரேக் மிதியை லேசாக்கும் வேக்குவம் பம்ப், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பின்னால்தான் இருக்கும். அதை ஓட்டும் பெல்ட் அறுந்தால் சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். அம்மா ஏறும் வண்டி. இதைப் பார்க்காமல் மலைப்பக்கம் போகவே போகாதீர்கள்.

சிப்புட் தம்பி:
நன்றி அண்ணே. நுரை இருக்கிறது, இளஞ்சிவப்பாகப் பொங்கி நிற்கிறது. சக்கரத்தைத் தூக்கித் திருப்பினால் லேசாகவே சுற்றுகிறது. பெல்ட்டில் வெடிப்பு இல்லை, தொய்வும் இல்லை. கிரீஸ் பூசியதும் முனகல் பாதியாகக் குறைந்தது. பம்பில் மாட்டும் முனையில் ஹோஸ் மரக்கட்டை மாதிரி இறுகி, கிளிப்புக்கு அடியில் கீறல் விட்டிருக்கிறது.

தைப்பிங் மெக்கானிக்:
அப்புறம் என்ன, ஹோஸை மாற்றுங்கள். தண்ணீர் ஹோஸ் வேண்டாம், எண்ணெய்க்கு உப்பிவிடும். எண்ணெய் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு, பழைய துண்டைக் காட்டி அதே அளவு வாங்குங்கள். புதுக் கிளிப் போடுங்கள். எண்ணெய் டப்பா மூடியில் எழுதியதையே ஊற்றுங்கள். பழைய ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோ கியர் எண்ணெய் இருக்கும். பிரேக் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது, சீல் எல்லாம் கெட்டுவிடும்.

காற்றை எடுக்க அவசரப்படாதீர்கள். முன் சக்கரம் தூக்கியபடியே, இன்ஜின் நிறுத்தி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். ஓடும்போது கடைசிவரை திருப்பி அங்கேயே பிடித்து வைக்காதீர்கள், எண்ணெய் கொதித்துப் பம்ப் தேய்ந்துவிடும்.

சிப்புட் தம்பி:
மாற்றியாகிவிட்டது அண்ணே. முனகல் இல்லை, நுரை இல்லை, பசாரில் ஒரு கையால் திருப்ப முடிகிறது. பழைய பம்ப் அப்படியே இருக்கிறது. மலைக்குத் தாப்பா வழி போகலாமா, சிம்பாங் பூலாய் வழியா?

செம்பனை லோரிக்காரர்:
சிம்பாங் பூலாய். உங்களுக்கு ஈப்போவைத் தாண்டினால் போதும், பாதையும் அகலம். தாப்பா வழியில் வளைவு நெருக்கம், பெரிய வண்டிக்குச் சிரமம். முதலில் ஈப்போ வரை ஒரு நடை போய் வந்து, டப்பாவைத் திறந்து பாருங்கள். இறங்கும்போது சிறிய கியரில் வாருங்கள், இன்ஜினை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நின்றால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சேர்ந்தே கனத்துவிடும். ஒரு போத்தல் எண்ணெய் வண்டியில் இருக்கட்டும்.