கிடை போட்ட வயல், போடாத வயல்: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

மன்னார்குடி பக்கம் | நெல், உளுந்து

எங்கள் ஊரில் ஆட்டுக்கிடை (உரத்துக்காக ஆட்டு மந்தையை இரவில் வயலில் மடக்கிப் படுக்கவைப்பது) கேட்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். டிராக்டரில் எரு வந்து இறங்குகிறது, அதுவே போதும் என்கிறார்கள். போதாது என்பது என் அனுபவம்.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவோம். அதனால் நெல் அறுத்த கையோடு ஆட்டை இறக்க முடியாது. உளுந்து எடுத்த பிறகு வயல் சும்மா கிடக்கும். மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வருவதற்குள் கிடைக்கிற இடைவெளிதான் கிடைக்கு உரிய காலம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து மந்தை மேய்க்கும் கீதாரிகள் தை மாசியிலேயே டெல்டாவுக்கு வந்துவிடுவார்கள். ஆடு பகலில் அறுத்த தாள், வாய்க்கால் கரை, ஏரி உள்வாய் என்று மேயும். இரவில் நம் வயலில் வலைக்குள் படுக்கும்.

என் வயலில் ஒரு வரப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே களிமண். ஒரு பக்கம் கிடை, மறுபக்கம் வண்டி எரு என்று விட்டுப் பார்த்தேன். அடுத்த சம்பாவில் கிடைப் பக்கத்துப் பயிர் தூர் கட்டும்போதே கரும்பச்சை. யூரியாவைக் கணிசமாகக் குறைக்க முடிந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது புழுதி உழவு. அந்தப் பக்கம் கட்டி குறைவு, கொழு இறங்கும்போதே மண் உதிர்ந்தது.

காரணம் பெரும்பாலும் மூத்திரம். கால்நடை வெளியேற்றும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறைய பாதியும், சாம்பல் சத்தில் (பொட்டாஷ்) பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் போகிறது. குவித்து அள்ளி வரும் எருவில் அது இருக்காது. அந்த மூத்திரம் நேராக மண்ணுக்குள் இறங்க ஒரே வழி, ஆடு நம் வயலிலேயே படுப்பது. புழுக்கையும் லேசுப்பட்டதில்லை. ஆட்டு எருவில் தழைச்சத்து 3 சதவீதம் அளவுக்கு உண்டு, சாதாரணத் தொழுவுரத்தில் அரை சதவீதம்தான்.

ஆனால் சித்திரை வெயிலில் கிடை போட்டுவிட்டு உழாமல் விட்டால் பாதிப் பலன் போய்விடும். காலையில் மூக்கில் ஏறும் அந்த நெடி, தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போவதுதான். வலையை எடுத்த மறுநாளே, முடிந்தால் அன்றைக்கே, மேலாக ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். ஆழம் வேண்டாம்.

கணக்கு கேட்பவர்களுக்கு: ஓர் ஆட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் என்று வைத்தால் 400 ஆடு ஓர் இரவில் 20 சென்ட் மூடும். ஏக்கருக்கு ஐந்து இரவு. வலையைத் தினமும் நகர்த்தச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவு படுத்தால் அங்கே மட்டும் நெல் மதமதவென்று வளர்ந்து சாய்ந்துவிடும்.


அருப்புக்கோட்டை | கரிசல், மானாவாரி

அண்ணே சொன்னது சரி. எங்க ஊர்ப் பெரியவங்க "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்"னு சொல்லுவாங்க. அது அனுபவத்துல உண்மை. ஆட்டுக்கிடை போட்ட காட்டுல கம்பு, சோளம் அந்த வெள்ளாமையிலேயே காட்டும். மாட்டுக்கிடை மெதுவாத்தான் காட்டும், ஆனா ரெண்டு மூணு வருஷம் நிக்கும்.

கரிசலுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு மழை பெய்ஞ்சு மண்ணு கால்ல அப்புற பதத்துல மாட்டை உள்ள விடாதீங்க. குளம்பு பட்ட இடமெல்லாம் மிதிபட்டு இறுகிப்போகும். காய்ஞ்சப்புறம் கலப்பை போனா பாளம் பாளமாத்தான் பேரும். ஆடு எடை கம்மி, அவ்வளவு கெடுக்காது. அதுவும் ஈரத்துல வேண்டாம். புரட்டாசி விதைப்புக்கு முன்னாடி, காட்டு மண்ணு வெடிச்சுக் கிடக்கறப்பவே கிடையை முடிச்சிருங்க. புழுக்கை வெடிப்புக்குள்ள விழுந்து மழையோட அடிமண்ணுக்குப் போயிரும். கரிசல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

இன்னொண்ணு சீமைக்கருவேலம். நெத்து தின்னுட்டு வந்த மாடு படுத்த காட்டுல சாணியிலேயே முளைச்சு நிக்கும். ஆடு கொட்டையை மென்னு அரைச்சிடறதால கம்மி, ஆனா இல்லாமப் போகாது. முதல் மழைக்கே காட்டைச் சுத்தி வந்து கையால பிடுங்கணும். விட்டா வேர் இறங்கிரும்.


ராமநாதபுரம் | கீதாரி குடும்பம்

வயல்காரங்க பேசறதைப் படிச்சேன். கிடைக்காரங்க பக்கத்தையும் சொல்லணும்னு தோணுச்சு.

பகல்ல ஆடு என்ன தின்னுச்சோ அதுதான் ராத்திரி உங்க வயலுக்கு வருது. முன்னாடி கண்மாய் உள்வாய், புறம்போக்கு, தரிசு, ரோட்டோரம்னு மேயவிட்டு வயல்ல கொண்டுவந்து மடக்குவோம். ஊருக்குப் பொதுவான இடத்துச் சத்து உங்க மண்ணுக்கு வந்துச்சு. இப்ப அந்த இடமெல்லாம் கம்பி வேலியும் பிளாட்டுமா இருக்கு. மிஷின் வந்து வைக்கோலைக் கட்டுக்கட்டா உருட்டி லாரியில ஏத்திடுது, மிச்சத் தாளுக்குத் தீ வைக்கறாங்க. பசியோட படுக்கற ஆடு எவ்வளவு புழுக்கை போடும்? "கிடை முன்ன மாதிரி இல்லையே"ங்கிறவங்க இதையும் யோசிக்கணும்.

மருந்து அடிச்ச காட்டைச் சொல்லாம விட்டுடறாங்க. பருத்திக்கு அடிச்ச அடுத்த நாள் வரப்புல மேஞ்சு ஆடு துடிச்சு விழுந்ததைப் பார்த்திருக்கேன். எங்க ஆடுகளைக் கூப்பிடற ஊர்க்காரங்க, எந்தக் காட்டுல எப்ப அடிச்சீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. குடிக்கத் தண்ணியும், ஆட்டுக்குட்டிகளை அடைச்சு வைக்கற குட்டிக்கூட்டுக்கு நிழலும் இருந்தா நாங்க இன்னும் ரெண்டு ராத்திரி சேர்த்துத் தங்குவோம்.

எங்க அப்பா நடுச்சாமத்துல எழுந்து கிடைக்குள்ள நடந்து ஆட்டை எழுப்பிவிடுவார். எழுந்ததும் ஆடு மூத்திரம் பெய்யும், கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுக்கும். வயல் முழுக்கப் பரவலா விழணும்னுதான். கூலி ஆட்டுக் கணக்குலதான். இந்த வேலைக்குத் தனியா யாரும் தர்றதில்ல. ஆனாலும் செய்வார்.


காங்கயம் | கொறங்காடு

எங்க பக்கம் கிடைக்கு ஆளைக் கூப்பிடறதில்லீங்க. மேய்ச்சல் நிலமே சொந்தம். கொழுக்கட்டைப் புல், நடுவுல வெள்வேல மரம், சுத்தி முள்கிளுவை வேலி. இதைத்தான் கொறங்காடுன்னு சொல்றோம். மழை குறைவான மேட்டுக்காடு, உழுது வெச்சாக் காத்துலயே மண்ணு போயிரும். புல்லும் மரமும் நின்னா மண்ணு நிக்குது.

மண்ணைக் காப்பாத்தறது புல்லுக்குக் குடுக்கற ஓய்வுதாங்க. காட்டைத் தடுத்துத் தடுத்து வெச்சிருக்கோம். ஒண்ணுல மேய்ச்சா இன்னொண்ணு சும்மா இருக்கும். தூர் வரைக்கும் கடிச்சுட்டா வேரும் சுருங்கிப்போயிரும், அப்புறம் மழை வந்தாலும் தண்ணி உள்ள இறங்காம ஓடிரும். மாட்டைப் பார்த்து மாத்தாதீங்க, புல்லைப் பார்த்து மாத்துங்க. புல்லு ரொம்ப நலிஞ்ச வருஷம் உழுது சோளமோ கொள்ளோ போட்டு, கூடவே புல் விதையும் தூவி விடுவோம்.

குடற்புழு மருந்து போடறவங்களுக்கு ஒரு வார்த்தைங்க. ஐவர்மெக்டின் போட்ட மாட்டுச் சாணியில அந்த மருந்து கொஞ்ச நாளைக்கு இருக்கும், சாணிவண்டுப் புழு பிழைக்காது. வண்டு இல்லாத சாணி ஓடாட்டம் காய்ஞ்சு மேலயே கிடக்கும், மண்ணுக்குள்ள போகாது. டாக்டர்கிட்டக் கேட்டுத் தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் போடுங்க. போட்ட மாட்டைக் கொஞ்ச நாள் பட்டியிலேயே கட்டி வெச்சுத் தீனி போடுங்க.


திருவாரூர் | நெல்

சின்னதாக ஒன்று. வாத்து மேய்ச்சலையும் மறக்காதீர்கள். அறுத்த வயலில் ஈரம் இருக்கும்போதே கூட்டமாக விடுவார்கள். சிந்தின நெல், நத்தை, பூச்சி எல்லாம் தின்றுவிடும். எச்சம் நல்ல உரம். உளுந்து தெளித்த வயலில் மட்டும் வேண்டாம்.


மன்னார்குடி பக்கம்

ராமநாதபுரம் தம்பி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேய்கிற இடம், படுக்கிற இடம் இரண்டையும் சேர்த்துத்தான் மண்ணின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். என் தாளை மேய்ந்த ஆடு அடுத்தவர் வயலில் படுத்தால் என் மண்ணுக்கு அது செலவு. வைக்கோல் விற்பதும் அப்படித்தான்: நெற்பயிர் எடுக்கிற சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் இருக்கிறது, லாரியில் ஏறுவது அதுதான். நான் வீட்டு மாட்டுக்கு வேண்டிய வைக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வயலிலேயே விடுகிறேன்.

மண் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் கிடைப் பக்கத்து மண்ணையும் மற்றப் பக்கத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக எடுங்கள். கிடை முடிந்த உடனே எடுக்க வேண்டாம், ஒரு வெள்ளாமை முடியட்டும். பரிசோதனை முடிவு வரும் அட்டையில் முதலில் கரிமச்சத்தைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேலே நல்ல நிலை. ஒரே வருடக் கிடையில் இந்த எண் பெரிதாக ஏறாது, வருடாவருடம் போட்டுக்கொண்டே வரவேண்டும்.

தம்பி, உங்கள் ஆட்கள் இந்தப் பங்குனியில் எங்கள் பக்கம் வருகிறார்களா? குட்டிக்கூடு வைக்க என் களத்து வேப்பமர நிழல் இருக்கிறது, போர் தண்ணீரும் உண்டு. பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேரிடம் பேசியிருக்கிறேன். யார் எப்போது மருந்து அடித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைத்துவிடுகிறேன்.