ஏணி இருந்தும் ஏறாத மீன்கள்: கொலம்பியா, ஸ்நேக் ஆற்றங்கரை அனுபவங்கள்

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆறு, அதில் கலக்கும் ஸ்நேக் ஆறு ஆகியவை பற்றி அங்கே வாழும் மூவர் எழுதியவை இவை.

போர்ட்லண்டிலிருந்து

2015 ஜூலையில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை பான்னவில் அணைக்கு அழைத்துச் சென்றேன். முட்டையிடக் கடலிலிருந்து கொலம்பியா ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன்கள் சந்திக்கும் முதல் அணை அது. 1938-ல் திறந்தபோதே மீன் ஏணியோடு, அதாவது மீன்கள் அணையைக் கடந்து ஏறப் படிப்படியான நீர்வழியோடு, கட்டியிருக்கிறார்கள். அங்கே ஓர் அறையில் பெரிய கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் மறுபுறம் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவதை முகத்துக்கு நேரே காணலாம். ஒவ்வொரு மீனையும் இனம் பிரித்து எண்ணுவதற்கென்றே அங்கு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆண்டு சாக்கை என்ற சால்மன் வகை மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் அந்த வழியாகப் போயிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாதான் வெளியே வந்து அணைக்கு மேல்புறத் தண்ணீரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆறு என்றாய், ஏரி போல நிற்கிறதே. நின்ற தண்ணீர் சூடேறுமே" என்றார். காவிரிப் பாசனத்தில் வயல் வைத்திருந்தவர். தண்ணீரைப் பார்த்தாலே அதன் குணம் தெரியும்.

அதன் பொருள் ஆற்றோரமாக இன்னும் சற்றுத் தூரம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. லிட்டில் வைட் சால்மன் என்ற குளிர்ந்த துணையாறு வந்து கலக்கும் இடத்தில் டிரேனோ ஏரி என்றொரு தேக்கம் இருக்கிறது. அங்கே சாக்கை மீன்கள் கூட்டம் கூட்டமாக ஒதுங்கி நின்றன. உடலெங்கும் வெள்ளைப் பூஞ்சை. சிலவற்றுக்குச் சிவந்த புண்கள். அவை போய்ச் சேர வேண்டிய இடம் அதுவல்ல. பெரிய ஆற்றின் சூடு தாளாமல், குளிர்ந்த நீர் கிடைத்த இடத்தில் புகுந்தவை, மேலே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அங்கேயே செத்துக்கொண்டிருந்தன. அப்பா அதன்பின் வீடு வரும்வரை பேசவில்லை.

அந்தக் கோடையில் இரண்டரை லட்சம் சாக்கை மீன்கள் இறந்தன என்று பின்னர் கணக்கிட்டார்கள். சால்மனுக்கு 20 டிகிரி செல்சியஸ்தான் எல்லை; அன்று ஆறு அதைத் தாண்டியிருந்தது. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு இந்த மீன்கள் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே முழுப் பயணத்தையும் முடிக்க வேண்டும். நீர் சூடானால் அந்தச் சேமிப்பு சீக்கிரம் கரைகிறது. செவுளை அரிக்கும் பாக்டீரியாவும் பெருகுகிறது.

புல்மனிலிருந்து

நான் இங்கே ஆராய்ச்சி மாணவன். முதல் கோடையில் நண்பர்களோடு லூயிஸ்டன் ஊருக்குக் குளிக்கப் போனேன். ஸ்நேக் ஆற்றில் இறங்கினால் தண்ணீர் வெதுவெதுப்பு. சற்றுத் தள்ளி அதனோடு வந்து சேரும் கிளியர்வாட்டர் ஆற்றில் கால் வைத்தேன். எலும்புவரை குளிர்ந்து கரையேறிவிட்டேன். ஜூலை வெயிலில் அப்படியொரு குளிர் எப்படி வந்தது என்று விசாரித்தால், மேலே டுவொர்ஷாக் என்ற அணை இருப்பதைச் சொன்னார்கள். 219 மீட்டர் உயரம். அவ்வளவு ஆழமான தேக்கத்தில் சூடு மேலடுக்கோடு நின்றுவிடும். அடியில் கோடையிலும் குளிர்ச்சி குறையாது. எந்த ஆழத்து நீர் வேண்டுமோ அதை எடுக்கும் கதவுகள் அங்கே உள்ளன. கீழே ஸ்நேக் ஆற்றில் சூட்டை 20 டிகிரிக்குள் அடக்கவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தக் குளிர்நீரைத் திறந்துவிடுகிறார்கள். தேக்கத்தின் மட்டம் அதனால் 24 மீட்டர் வரை இறங்குகிறது.

எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்: அந்த அணையில் மீன் ஏணியே கிடையாது. தன் ஆற்றுக்கு வந்த மீன்களை முழுவதுமாக மறித்துவிட்ட அணை, இன்று வேறொரு ஆற்றின் மீன்களைக் காக்கக் குளிர்நீர் தருகிறது.

ஏணியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏணிக்குள் விடுவது தேக்கத்தின் மேல்நீர். கீழே ஆறு சற்றுக் குளிர்ந்தும் ஏணி சூடாகவும் இருந்தால் மீன் வாசல்வரை வந்து திரும்பிவிடும். ஸ்நேக் ஆற்றில் உள்ள லோயர் கிரானைட் அணையில் ஆழத்து நீரை ஏணிக்குள் இறைக்க ஏற்பாடு செய்த பிறகே அது ஓரளவு சரியானது.

பாய்சியிலிருந்து

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015-ல் மலைகளில் பனி மிகக் குறைவு, ஜூனிலேயே கடும் வெயில். அணையில்லாத துணையாறுகளும் சூடேறின. பழி முழுவதையும் அணைமேல் போடுவது நியாயமில்லை. ஆனால் ஓடும் ஆறு இரவில் குளிர்ந்துவிடும், தேங்கிய ஆறு குளிராது. செப்டம்பரிலும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இலையுதிர் காலத்தில் வரும் சினூக் சால்மனுக்கு அது ஆபத்து.

ஸ்நேக் ஆற்றுச் சாக்கைகள் முட்டையிடத் திரும்பும் ஐடஹோ மலையிலுள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்குப் பலமுறை போயிருக்கிறேன். கடலிலிருந்து 1,450 கிலோமீட்டர், எட்டு அணைகள், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். ஒரு காலத்தில் செந்நிற மீன்களால் நிறைந்து பெயர் பெற்ற ஏரி. 1992-ல் கடலிலிருந்து அங்கே திரும்பிய சாக்கை ஒன்றே ஒன்று. 2015-ல் பான்னவில்லைத் தாண்டிய ஸ்நேக் ஆற்றுச் சாக்கைகள் சுமார் 4,000. அவற்றில் தானாக நீந்தி ஊர் சேர்ந்தவை நூற்றில் ஒன்று அளவே. லோயர் கிரானைட்டில் சிலவற்றைப் பிடித்து லாரியில் ஏற்றி வந்து காப்பாற்றினார்கள்.

சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு செப்டம்பர் காலையில், ஏரிக்கு வரும் ஓடையில் ஒரு சாக்கையைக் கண்டேன். தலை பச்சை, உடல் குங்குமச் சிவப்பு, வால் தேய்ந்து நைந்திருந்தது. கூழாங்கற்களுக்கு மேல் அசையாமல் நின்று, மெல்ல மேலே நகர்ந்தது.