தங்கச்சிக்கு டிப்ரஷன் ஸ்கோர் 14 வந்திருக்கு, அடுத்து என்ன பண்றது?

தங்கச்சிக்கு குழந்தை பிறந்து ரெண்டு மாசம் ஆச்சு, எப்பப் பாரு அழுதுட்டே இருக்கா, புள்ளைய தூக்கக்கூட மனசில்லங்கிறா. நேத்து நைட் நானும் அவளும் உக்காந்து டிப்ரஷன் இருக்கான்னு பாக்குற பிஎச்கியூ-9 கேள்விகள போன்ல போட்டுப் பாத்தோம், 27க்கு 14 வந்துச்சு. 10 இல்ல அதுக்கு மேல வந்தாலே டாக்டர பாக்கணும்னு தெரியும், ஆனா அதுல தூக்கம், பசி, அசதின்னு கேக்குறாங்க, கைக்குழந்தை வச்சிருக்கவளுக்கு எங்கருந்து தூக்கம் வரும்? பிரசவமானவங்களுக்குன்னே எடின்பரோ ஸ்கேல் இருக்குல்ல, 10 கேள்வி, போன 7 நாள் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்களே, அத தமிழ்ல யாராச்சும் போட்டுப் பாத்திருக்கீங்களா?

பிஎச்கியூல கடைசி கேள்வி, செத்துட்டா தேவலன்னோ தன்னையே காயப்படுத்திக்கணும்னோ தோணுதான்னு. இல்லன்னுதான் சொன்னா, ஆனா ரொம்ப நேரம் யோசிச்சிட்டு சொன்னா, அதுலருந்து எனக்கு தூக்கமே இல்ல.

அம்மா பச்ச உடம்புக்காரி அப்படித்தான் இருப்பா, மந்திரிச்சா சரியாயிடும்ங்கிறாங்க. இன்னைக்கு கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416க்கு கூப்பிடப் போறேன், அதுல தமிழ்லயே பேசலாம். மதுரைல தாய்ப்பால் குடுக்குறவங்களுக்கு பாத்து மருந்து குடுக்குற சைக்கியாட்ரிஸ்ட் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. அம்மாவ எப்படி புரிய வைக்கிறதுன்னும் அனுபவப்பட்டவங்க சொல்லுங்கக்கா, ப்ளீஸ்.